தோளில் இருந்த கை

…இல்லை, அவள் கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும், நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், எங்கள் பாடு உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று குரலை உயர்த்தியிருப்பேன், ஆனால் அவள் குடையை வாசலிலேயே சாய்த்துவிட்டு, "அம்மா போயிட்டாங்க மேடம், போன வெள்ளிக்கிழமை" என்றாள், அப்புறம், "அம்மாவும் நானும் சேர்ந்திருக்கிற படம் வேற ஒண்ணுமே இல்ல, நீங்க அன்னைக்கு எடுத்தீங்களே, அது கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டு பீரோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். தேடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என்ன பெரிய தேடல்? அந்தப் படத்தில் பாதி இந்த நிமிடம் என் கம்ப்யூட்டர் திரையில்தான் இருக்கிறது, பதினொரு மணிக்குள் சரி என்று சொன்னால் அச்சகக்காரர் ஓட்டிவிடுவார், நன்கொடை கேட்டு அனுப்பும் இந்த வருட நோட்டீஸிலும் அவள் அம்மாதான். நல்லவேளை, திரை அவள் பக்கம் திரும்பியிருக்கவில்லை. நல்லவேளையாம்… எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

படுக்கையில் விழுந்தவர்களுக்கு முதுகு புண்ணாகாமல் இருக்கக் காற்று மெத்தை கொடுப்பதும், வீட்டுக்கு நர்ஸை அனுப்புவதும்தான் எங்கள் வேலை, இரண்டே அறை, ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், கடிதம் எழுத நான். முதல் வருடம் நோட்டீஸில் மெத்தையின் படத்தைப் போட்டோம், மெத்தையைப் பார்த்து யார் இரங்குவார்கள்? அடுத்த வருடம் ஒரு நோயாளி குடும்பத்தோடு சிரிக்கிற படம், அதைப் பார்த்துவிட்டு ஒரு அம்மாள் போன் போட்டு, "இவங்களுக்கு என்னங்க குறைச்சல், நல்லாத்தானே இருக்காங்க?" என்று கேட்டாள். டாக்டர் கண்ணாடியைத் துடைத்தபடி, "அழுத பிள்ளைக்குத்தான்மா பால்" என்றார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பால் இல்லாமல் திரும்பிப் போகிறவர்களை வாசலில் பார்ப்பவர் அவர்தான். அதற்கடுத்த வருடம்தான் இவர்கள் வீட்டுக்குப் போனேன், ஒரே அறை, ஜன்னலோரம் கட்டில், இந்தப் பக்கம் இஸ்திரி மேசை, மலைமலையாகப் பிறத்தியார் துணி, பக்கவாதம் வந்த அம்மாவை மகள் கட்டிலில் உட்கார வைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் நகர்ந்துக்கட்டுமா மேடம்? படத்துல எதுக்கு நானு?" என்று கேட்டாள். "வேணாம், நீங்க விட்டா சாஞ்சிடுவாங்க, அப்படியே இருங்க." நான்தான் சொன்னேன். என் வாயால் நான்தான் இருக்கச் சொன்னேன்.

திரும்பி வந்து படத்திலிருந்து அவளை வெட்டினேன். திரையில் படத்தின் ஓரக் கோட்டை இழுத்து இந்தப் பக்கம் தள்ளினால் போதும், ஆள் போய்விடும், ஆனால் கையை வெட்ட முடியவில்லை, வெட்டினால் அம்மாவின் தோளும் போகும்… முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, காம்பு மட்டும் வெளியே நிற்கிறது, என்ன செய்வது? அப்போதுதான் அந்த வரி வந்தது, தானாக வந்து விழுந்தது, 'இவருக்கு யாருமில்லை. இந்தத் தோளில் இருக்கும் கை உங்களுடையது.' எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது, வெட்கக்கேடு, என் எழுத்துக்கு நானே அழுதேன். கீழே 'உங்களுக்காகக் காத்திருக்கும் கண்கள்' என்று வேறு, ஏனென்றால் படத்தில் அவள் அம்மா கேமராவைப் பார்க்காமல் ஓரமாக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நோட்டீஸில் பதினொரு மெத்தைக்குப் பணம் வந்தது. ஒரு பெரியவர் போனில், "அந்தக் கை உங்க நர்ஸம்மாவோடதா?" என்று நெகிழ்ந்துபோய்க் கேட்டார், "ஆமாம் ஐயா" என்றேன், பக்கத்தில் இருந்த நர்ஸ் நோட்டீஸையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்து, "எனக்கு ஏது மேடம் இந்தச் சூட்டுத் தழும்பு?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இப்போது அந்தத் தழும்பு எதிரே நாற்காலியில், மடியில் வைத்த கையில் இருக்கிறது, நான் அதைப் பார்க்காமல் எதையெதையோ திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

அவள் பாட்டுக்குப் பேசுகிறாள், நோட்டீஸைப் பார்த்தாளாம். பார்க்க மாட்டாள் என்று எந்தத் தைரியத்தில் இருந்தேன்? "இஸ்திரிக்குத் துணி வாங்கப் போற வீட்டுல ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருந்தாங்க. எங்கம்மாதான்னு ஆசையா சொல்லிட்டேன். அந்தம்மா படிச்சுப் பார்த்துட்டு, யாருமில்லன்னு போட்டிருக்கே, பெத்தவள இப்படியா விடுவ, நீயெல்லாம் ஒரு பொண்ணான்னு கேட்டாங்க. இல்லீங்க, அது என் கைதான்னு சொன்னேன், நம்பல. அதுக்கப்புறம் அந்த வீட்டுத் துணி வர்றதில்ல." மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "அதுக்காக வரல மேடம். மெத்தை குடுத்தீங்க, அம்மா முதுகு ஆறிச்சு, கடைசி வரைக்கும் வலியில்லாம படுத்தாங்க. படம் மட்டும் குடுங்க" என்கிறாள். திட்டித் தொலைத்திருக்கலாம். ஒன்பது வருடம் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தவளை ஒரு நொடியில் இல்லாமல் ஆக்கினேனே, அவள் நன்றி சொல்கிறாள்.

முழுப் படத்தையும் அனுப்பினேன், மூலையில் இருக்கும் பிரிண்டர் முனகி முனகி மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிறது, ஜன்னல், இரண்டு தலைகள், தோள், கை… கையோடு சேர்ந்த ஆள். அவள் எழுந்து போய் சூடு ஆறாத தாளை எடுத்துப் பார்க்கிறாள், ரொம்ப நேரம் பார்க்கிறாள். "அம்மா என்னைத்தான் பாக்குறாங்க. பாருங்க மேடம்." பார்த்தேன். ஆமாம். காத்திருக்கும் கண்களும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, பக்கத்தில் நிற்கும் மகளைப் பார்த்து ஏதோ கேட்க வாயைத் திறக்கும் ஒரு தாய், அவ்வளவுதான். "நீயும் உக்காரேன்னாங்க அன்னைக்கு" என்கிறாள், அந்தக் குழறல் அவளுக்குத்தான் புரிந்திருக்கும். போன் அடிக்கிறது, மணி பதினொன்று, அச்சகக்காரர். அதே படம்தானே, ஓட்டிடவா என்பார். மெத்தைக்குப் பெயர் கொடுத்துவிட்டு மூன்று பேர் காத்திருக்கிறார்கள், அதில் ஒருவருக்கு முதுகில் எலும்பு தெரிகிறது என்று நேற்றுதான் நர்ஸ் சொன்னாள். கோட்டை இழுத்துப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் மகளை உள்ளே விடுகிறேன், படம் முழுதாகிறது, நன்றாகத்தான் இருக்கிறது, எவ்வளவு நன்றாக இருக்கிறது… போன் விடாமல் அடிக்கிறது. இந்தப் படம் தபாலில் என் வீட்டுக்கு வந்திருந்தால், மகள்தான் பக்கத்தில் இருக்கிறாளே என்று, நானும் மடித்து ஓரமாக வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.