வானத்துத் தூசி

விமானம் வந்து நின்றதும் ஹாலிஸ் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்ஜின் பக்கம் ஓடினான். அலாஸ்கா குளிரில் கையுறைக்குள்ளேயே விரல் மரத்துப் போகும். பறந்து வந்த என்ஜின் மூடியோ கணகணவென்று இருக்கும். அவனும் ஆர்லோவும் பீன்ஸ் டப்பாவைக்கூட அதன்மேல் வைத்துத்தான் சூடாக்கித் தின்பார்கள். இன்று பக்கத்தில் ஆர்லோ இல்லை. ஈறில் ரத்தம் நிற்காமல் ஃபேர்பேங்க்ஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

ரஷ்யாக்காரன் திருட்டுத்தனமாக அணுகுண்டு வெடித்துப் பார்த்தால், அந்தத் தூசி காற்றோடு இந்தப் பக்கம் வரும். அதை வடிகட்டும் காகிதத்தில் பிடித்து வரத்தான் இந்த விமானங்கள் பறந்தன. காகிதத்தில் சிக்கியது போக மிச்சமெல்லாம் இறக்கையிலும் வயிற்றிலும் ஒட்டியிருக்கும். அதைக் கழுவுவது இவர்கள் பாடு.

"ஆஸ்பத்திரிக்குப் போறியாமே?" என்றார் கேப்டன் ப்ரூவர். "போ, பாத்துட்டு வா. வாயை மட்டும் வீட்லயே வச்சுட்டுப் போ. மீறினா வேலை மட்டும் போகாது, ஜெயிலுக்கும் போவே."

"தெரியும் சார்."

ஆர்லோ தலையணை நிறத்துக்கு வெளுத்திருந்தான். டாக்டர் ஹாலிஸைப் பிடித்துக்கொண்டார்.

"இவரோட ரத்தமே செத்துக்கிட்டு வருதுய்யா. எதைத் தொட்டு வேலை செஞ்சாருன்னு தெரிஞ்சா வைத்தியத்துக்கு ஒரு வழி பாப்பேன்."

"தண்ணி, சோப்பு... அவ்ளோதான் டாக்டர்."

ஆர்லோவின் மனைவி வெல்மா ஹாலிஸின் கோட்டைப் பற்றிக்கொண்டாள். "அண்ணே, உங்க புள்ளைங்க மேல சத்தியமா சொல்லுங்க. வெறும் சோப்புதானா?"

அவன் வீட்டில் நான்கு பிள்ளைகள். ஹாலிஸுக்குத் தன் நாக்கையே அறுத்துப் போட்டுவிடலாம் போலிருந்தது.

"ஆமாம்மா," என்றான்.

"அவனை ஏன்டி பிடுங்குறே?" ஆர்லோ சிரிக்கப் பார்த்தான், பல்லெல்லாம் சிவப்பு. "பீன்ஸ்தான் கெட்டுப் போயிருக்கும். பாவிப்பய, எப்பவும் பழைய டப்பாவா வாங்கிட்டு வருவான்."

வெல்மா கோட்டை விட்டுவிட்டாள். அதன்பிறகு ஹாலிஸின் முகத்தை அவள் பார்க்கவேயில்லை.

வியாழக்கிழமை ஆர்லோ செத்துப் போனான். அடக்கம் முடிந்து ஹாலிஸ் நேரே வேலைக்கு வந்தான். அன்று வந்த விமானத்துக்காக வாஷிங்டனிலிருந்து ஒரு விஞ்ஞானி காத்திருந்தார். கையில் ரப்பர் உறை, வாயை மூடிக் கட்டிய துணி. மேசைமேல் ஒரு சின்னக் கருவி. தூசியில் விஷக்கதிர் இருந்தால் அது டிக்டிக்கென்று சத்தம் போடும். விமானத்திலிருந்து காகிதத்தை இன்னும் எடுக்கவேயில்லை. அதற்குள் கருவி படபடவென்று அடித்தது. அவர் திகைத்துப்போய் அதைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். வாளியோடு நின்ற ஹாலிஸின் மார்புக்கு நேரே அது ஓயாமல் கத்தியது.

"யோவ், நீதானா? தள்ளி நில்லுய்யா! உன்னால என் கணக்கே கெட்டுப் போகுது."

ஹாலிஸ் பின்னால் நகர்ந்தான்.

"இன்னும் தள்ளிப் போ. இன்னும்."

கொட்டும் பனியில் வேலியோரம் போய் நின்றான். கருவி அடங்கியது. விஞ்ஞானி காகிதத்தை இடுக்கியால் எடுத்து, பஞ்சு வைத்த பெட்டியில் கிடத்தி, அலுங்காமல் தானே காருக்குத் தூக்கிக்கொண்டு போனார். கார் கிளம்பியதும் கேப்டன் கைதட்டிக் கூப்பிட்டார்.

"என்னப்பா அங்கயே நிக்கிறே? வா, வந்து கழுவு."