அண்ணன்மாருக்கு ஈடு

ஷமாஷா ஓதிஷோ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பேர் என்னன்னு இப்பவே சொல்லிடுங்கப்பா. நாளைக்குக் காலையில ஞானஸ்நானத் தொட்டிகிட்ட நின்னுக்கிட்டு முழிக்க முடியாது" என்றார். ஷமாஷா என்றால் கோயிலில் பாட்டுப் படிக்கிறவர். குழந்தைக்கு ஞானத்தகப்பனும் அவர்தான். ஞானத்தகப்பன் வாயால் சொன்னால்தான் எங்கள் ஷராபியா ஊரில் பேர் பேராகும். பெற்றவர்கள் நூறு முறை கூப்பிட்டாலும் கணக்கில் சேராது.

ஷூஷன் திராட்சை இலையில் அரிசி வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு வயதில் பிள்ளை பெற்ற அலுப்பு இன்னும் இடுப்பை விட்டுப் போகவில்லை. மூத்தவன் தானியேல் நான்கு வருடத்துக்கு முன் ஈரானோடு நடந்த ஃபாவ் சண்டையில் செத்துப் பெட்டியில் வந்தான். இளையவன் யோனான் அதே சண்டையில் காணாமல் போனான். பெட்டியும் இல்லை, காகிதமும் இல்லை. இப்போது ஈரானிலிருந்து கைதிகளைப் பஸ் பஸ்ஸாக அனுப்புகிறார்கள். பக்கத்து ஊர் அல்கோஷில் ஒருத்தி, மகன் செத்துவிட்டான் என்று வருடாந்திர ஜெபமே வைத்து முடித்துவிட்டாள்; போன வாரம் அவன் தாடியோடு வந்து கதவைத் தட்டினான். அதைக் கேட்டதிலிருந்து ஷூஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "உங்கண்ணன் வந்து தூக்கட்டும்டா, எலிக்குஞ்சே" என்று பால் குடிக்கிறவனைக் கொஞ்சுவாள்.

"சனகெரிப்" என்றான் அவள் புருஷன் ஹோர்மிஸ், ஜன்னலைப் பார்த்தபடி.

ஷமாஷா சிரித்துவிட்டார். "உங்கப்பா ஆடு மேய்ச்சவரு, உன் மகனுக்கு ராஜா பேரு கேக்குதா? வேதத்துல அந்தாளுக்கு நல்ல முடிவு இல்லியேய்யா. பெத்த பிள்ளைங்களே வெட்டிட்டாங்க."

"வாயில நுழையுமா அது? அர்த்தம் என்ன ஷமாஷா?" என்று ஷூஷனும் சிரித்தாள்.

பழங்காலத்து விஷயம் கேட்டால் ஷமாஷாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். "அதுல 'சன'ங்கிறது சீன், அந்தக் காலத்து நிலா சாமி. 'அண்ணன்மாருக்கு ஈடா சீன் இவனைக் குடுத்தான்'னு அர்த்தம். முன்னாடி பொறந்த பிள்ளைங்க செத்திருக்கணும், அதுக்கப்புறம் இவன் பொறந்திருக்கணும். ராஜா வீடா இருந்தா மட்டும் சாவு..." பாதியில் நிறுத்திவிட்டு ஷூஷனைப் பார்த்தார்.

ஷூஷன் இலையைக் கீழே வைத்தாள். "எனக்குச் செத்தது ஒருத்தன்தானே" என்றாள். "இவருக்கு அர்த்தம் தெரியாது ஷமாஷா. வேற பேரு பாருங்க. நாளைக்கு யோனான் வந்து கேட்டா எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பதில் சொல்வேன்?"

"தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்" என்றான் ஹோர்மிஸ். அவன் திரும்பவே இல்லை.

அவள் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "யார் சொன்னது?" என்று கேட்டாள்.

"தில்கேப் ஊர்ப் பையன் ஒருத்தன். கைதிங்க கேம்ப்ல நம்ம யோனான்கூட இருந்தவன். ரெண்டு குளிர்காலத்துக்கு முன்ன காய்ச்சல் வந்துச்சாம். கூட இருந்தவங்களே ஜெபம் சொல்லிப் புதைச்சாங்களாம்."

"அவன் எப்ப வந்தான்?"

"நீ வலியில கெடந்த அன்னைக்கு."

இருபது நாள்! ஆண்பிள்ளைக்குத் துப்பாக்கி பிடிக்கத் தைரியம் இருக்கும், பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்ல இருக்காது. "நூறு தடவை வாயைத் தொறந்தேன் ஷூஷன். வரல. பேரா வெச்சுட்டா அதுவே சொல்லிடும்னு நெனச்சேன்" என்று அவன் குழறினான். அவள் எழுந்து போய், அரிசி ஒட்டிய கையால் அந்த முதுகில் மாறி மாறி அறைந்தாள். "பாவி, பாவி! இருபது நாளா என்னைச் சிரிக்க விட்டுட்டியே!" அவன் அசையாமல் வாங்கிக்கொண்டான். கை ஓய்ந்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

ஷமாஷா அவள் பக்கத்தில் வந்து குனிந்து, "வேற பேரே வெச்சுடலாம் தங்கச்சி" என்றார்.

"எவனும் எவனுக்கும் ஈடில்ல" என்றாள் ஷூஷன். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா என் யோனானுக்கு ஒரு கல்லறை இல்ல. அவன் செத்தான்னு இந்த ஊர்ல எதுலயாவது இருக்கட்டும். அந்தப் பேரையே சொல்லுங்க. எனக்குக் கேக்கிற மாதிரி சத்தமாச் சொல்லுங்க."

மறுநாள் காலை அவள் கோயிலுக்கு வெளியே மதிலோரம் நின்றாள். பிரசவித்து நாற்பது நாள் முடியாதவள் படி ஏறக் கூடாது. உள்ளே ஷமாஷாவின் குரல் உயர்ந்தது. "சனகெரிப்!" பெண்கள் குலவையிட்டார்கள். யோனானுக்காக நெஞ்சு வெடித்து அவள் மதிலில் சாய்ந்தபோது, குளிர்ந்த தண்ணீர் பட்டு உள்ளே குழந்தை வீறிட்டது. அவள் அழுதுகொண்டே இருந்தாள். கறுப்புச் சட்டையின் இரண்டு பக்கமும் பால் கசிந்து பரவிக்கொண்டிருந்தது.