தோள்மேல் நான்கு விரல்கள்

காத்தாயி அம்மாள் மஞ்சள் பையிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்து என் ஸ்டுடியோ மேசைமேல் வைத்தார். சிங்கவரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். அவர் தங்கை ரத்தினம்மாளின் மகள் ஷோபனா கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். புருஷன் இல்லாதவள் என்று மேடை ஏறாமல் ஒதுங்கி நின்ற அக்காவை, ரத்தினம்மாளே போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து குடும்பப் படத்தில் தன் பக்கத்தில், கடைசி ஆளாக நிறுத்திக்கொண்டார். அக்கா தங்கையின் முதுகைச் சுற்றி மறுபக்கத் தோளில் கை போட்டுக்கொண்டார். ஆல்பத்தில் உள்ள அந்தப் படத்தில் அக்கா இல்லை.

மண்டபம் சின்னது. அகல லென்ஸ் போடாமல் குடும்பம் அடங்காது, போட்டால் தூண்களெல்லாம் வளையும். அதை நிமிர்த்த ஒரு மென்பொருள் இருக்கிறது. ஊர் பேர் தெரியாத யார் யாரோ எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று சும்மாவே விட்டிருக்கிறார்கள். என் மலிவு லென்ஸ் எவ்வளவு வளைக்கும் என்ற அளவு அதில் இல்லாதபோது, எங்கள் ஊர்க் கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகால் என்ற பழைய கட்டடத்தைப் பத்துப் பதினைந்து கோணத்தில் எடுத்து அனுப்பினேன், சேர்த்துக்கொண்டார்கள். வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டிருக்கிறேன். நிமிர்த்தும்போது படத்தின் ஓரம் வெட்டுப்படும். வெட்டாமல் வைக்க அதிலேயே வழியும் உண்டு. நானோ முந்நூறு படங்களை மொத்தமாக ஓடவிட்டு டீ குடிக்கப் போனேன்.

"எந் தங்கச்சி என்னை எடுத்துடச் சொன்னாளா? அத மட்டும் சொல்லு தம்பி."

ஆல்பத்தில் தன்னைக் காணாத நாளிலிருந்து, ஆறு மாதமாக அவர் தங்கை வீட்டுப் பக்கமே போகவில்லையாம். இந்த ஆல்பம்கூட ஷோபனாவிடம் கேட்டு வாங்கி வந்ததுதான்.

"யாரும் சொல்லலம்மா. சாஃப்ட்வேர் தானா வெட்டிடுச்சி," என்றேன். சும்மா கொடுத்தவர்கள்மேல் பழியைப் போட என் நாக்குக் கூசவில்லை.

திருத்தாத படத்தைத் திரையில் காட்டினேன். ஓரத்தில் நின்றதால் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தார். இன்னா இவ்ளோ குண்டா இருக்கறேன் என்று சிரித்தார். முகம் தெளிந்துவிட்டது. அத்தோடு கிளம்பியிருந்தால் நானும் யோக்கியனாகவே இருந்திருப்பேன். ஆனால் அவர் திரையையும் ஆல்பத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அவ தோளு முழுசா இருக்குது. அதுமேல இருந்த எங் கை எங்க? அதுவும் தானா போச்சா?"

அன்று மென்பொருள் அந்தக் கையை விட்டுத்தான் வைத்திருந்தது. ஆளில்லாமல் தோள்மேல் நான்கு விரல்கள். யாருடையவை என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு படத்தை ஓரம் வெட்டாமல் திரும்பச் செய்தால் கால் மணி நேரம்தான் ஆகும். புருஷனில்லாத கிழவிதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆமாம், அப்படியேதான் நினைத்தேன். பக்கத்துப் புடவையின் ஜரிகையை எடுத்து ஒட்டி, விரல் விரலாக அழித்தேன். சுத்தமாக வந்ததில் சந்தோஷம்கூடப் பட்டேன்.

"அத நான்தாம்மா அழிச்சேன். ரத்தினம்மாவுக்குத் தெரியவே தெரியாது."

அவர் ஆல்பத்தைத் தன் பக்கம் திருப்பி, தங்கையின் தோளில், நான் அழித்த அதே இடத்தில் நான்கு விரல்களை வைத்தார். படத்துக்கு அந்த விரல்கள் பெரிதாக இருந்தன. தங்கையின் முகமும் சேர்ந்து மறைந்தது. எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.