ஒரு குளியலுக்கு அறுபது கிராம்

பதினோராம் நாள் காலை சிலிண்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றிப்போய்ப் பழைய இரும்புக் கடைத் தராசில் நிறுத்தினேன். கடைக்காரர், "பெரியவரே, இதையும் போடுற அளவுக்கு வந்தாச்சா?" என்று சிரித்தார். நான் தராசு காட்டிய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாளுக்கு முன் இதே தராசில் நின்றதைவிட அறுநூறு கிராம் குறைவு. நாற்பது வருஷம் லாரி எடை மேடையில் வேலை பார்த்தவன் நான். மணலை நனைத்து எடை ஏற்றுகிறவனையெல்லாம் பார்த்தாகிவிட்டது. வாய் சொல்வதை நம்பமாட்டேன், தராசு சொல்வதை நம்புவேன்.

போன மாதம் மகன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அரை சிலிண்டர் உங்க வெந்நீருக்கே போகுதுப்பா. அக்கா வீட்டு மாடியில வெயில்லயே தண்ணி சுடுது. நீங்க அங்க போய் இருங்களேன்." எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்; செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். மருமகள் ஓதிக்கொடுத்தது என்று அப்போதே முடிவுகட்டினேன். இந்த வயதில் இன்னொரு வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது.

உபரி சிலிண்டரைப் பின்பக்கம் பழைய அடுப்போடு மாட்டி, பத்து நாளும் என் வெந்நீரை மட்டும் அதில் வைத்தேன். தினமும் ஐந்து லிட்டர் கொதிக்கவைத்து விளாவிக்கொள்வேன். அப்படியானால் ஒரு குளியலுக்கு அறுபது கிராம். வீட்டுக்கு மாதம் ஒரு சிலிண்டர், பதினாலு கிலோ. பாதி என்றால் ஏழு கிலோ, நாளைக்கு இருநூற்று முப்பது கிராம் வரும். அதில் இருபது லிட்டர் கொதிக்கும். அதை விளாவினால் யானையைக் குளிப்பாட்டலாம். நான் எலும்பும் தோலுமாய் ஐம்பது கிலோ.

கணக்கெழுதிய தாளை மகன் முன்னால் போட்டேன். மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு அவனிடம், "அன்னிக்கே சொன்னேன்ல, இந்தப் பொய் மாமாகிட்ட நிக்காதுன்னு" என்றாள். பொய் என்று அவள் வாயாலேயே வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. சொல்லிக்கொடுத்தவளே நீதானே என்று நேருக்கு நேர் கேட்டேன். அவள் கண் நிறைந்துவிட்டது.

"அவளை எதுக்குப்பா சொல்றீங்க? அம்மாதான் சொல்லச் சொன்னாங்க" என்றான் மகன். "கல்யாணமாகி நாப்பத்தாறு வருஷம் ஆச்சாம். இனிமேலாவது யாரும் ஒவ்வொண்ணுக்கும் கணக்குக் கேக்காம இருக்கணுமாம். வெந்நீர்னு சொல்லு, ரோஷத்துல கெளம்பிடுவாருன்னாங்க."

பத்து நாளும் விடிந்ததும் பாத்திரத்தில் ஐந்து லிட்டர் அளந்து ஊற்றிக்கொடுத்தவள் என் மனைவிதான். ஒரு சொட்டுக் கூடாமல், குறையாமல்.

உள்ளறைக்குப் போனேன். கட்டிலில் என் பெட்டி திறந்திருந்தது. என் சட்டைகளுக்குக் கழுத்திலிருந்து கீழ்வரை பொத்தான் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"மார்கழிக்கும் சேத்து ரெண்டு ஸ்வெட்டரையும் வெச்சிரட்டுமா?" என்றாள்.

ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தாள். மற்றதை மடியில் போட்டுக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.