அக்காவின் மருந்து அலமாரியைக் காலி செய்த கதை

1

இந்தக் கதை எனக்குக் கிடைக்கக் காரணம் ஒரு பிளாஸ்திரி. அத்தான் சவரம் செய்யும்போது தாடையில் வெட்டிக்கொண்டார். பிளாஸ்திரி தேடிக் குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மருந்து அலமாரியைத் திறந்தார். அக்கா போன பிறகு அந்தக் கதவை அவர் திறந்தது அதுதான் முதல் தடவை. அவளுடைய மருந்துகள் சரிந்து கைகழுவும் தொட்டிக்குள் விழுந்தன. எல்லாவற்றையும் அள்ளி உள்ளே திணித்து மூடிவிட்டு, தாடையில் துண்டை அழுத்திக்கொண்டு எனக்குப் போன் செய்தார்.

"நீ வந்து அதைக் காலி பண்ணிக் குடும்மா. என்னால ஆகாது."

நான் எழுதுகிறவள். இப்படி ஒரு போன் வந்தால் அழுகைக்கு முன்னால் முதல் வரி வந்து நிற்கும். அப்படி வந்தவை:

மரணம் ஒரு வீட்டில் கடைசியாக ஒளிந்துகொள்ளும் இடம்—

(அடித்துவிட்டேன். யாரோ மேடையில் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுவதுபோல இருக்கிறது.)

அந்தப் பெண் அலமாரியைத் திறந்தபோது வெளியே மழை—

(மழை இல்லை. நல்ல வெயில். என்னை நானே "அந்தப் பெண்" என்று எட்டி நின்று கூப்பிடுவதும் பிடிக்கவில்லை.)

ஆகவே பிளாஸ்திரியிலிருந்தே தொடங்கிவிட்டேன்.

2

அத்தான் பேருந்து ஓட்டுநர். அன்று அவருக்கு விடுப்பு. குளியலறைக்குள் அவர் வரவில்லை. வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் ஒவ்வொன்றாக எடுத்துத் தேதியைப் படிக்க, அவர் தீர்ப்புச் சொன்னார்.

"இருமல் மருந்து. தேதி முடிஞ்சுபோச்சு."

"தூக்கிப் போடு."

"கண்ணுக்கு விடற சொட்டு."

"அது என்னோடது. இருக்கட்டும்."

"இதுவும் முடிஞ்சு ரொம்ப நாளாச்சு அத்தான். இதை விட்டுக்கிட்டா பஸ் ஓட்டினீங்க?"

"எல்லாரையும் பத்திரமா இறக்கிவிட்டேன்ல?"

சிரித்தோம். (துக்கக் கதையில் சிரிப்பு எதற்கு என்று முதல் வரைவில் இதை எடுத்துவிட்டிருந்தேன். பிறகு திரும்ப வைத்தேன். சிரித்தது உண்மை.)

களிம்பு, பஞ்சு, அடியில் ஒரு சொட்டு மிச்சமிருந்த தைலப் புட்டி. தட்டுகளில் பிடித்திருந்த பிசுக்கை ஈரத்துணியால் துடைத்தேன். பாதியில் அத்தான் தானாகவே ஆரம்பித்தார்.

"அந்த ஒரு வாரம்தான்மா எல்லாத்துக்கும் காரணம்."

எந்த வாரம் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். வழக்கமாக உள்ளூர் வண்டி ஓட்டுகிறவரை அந்த முறை வெளியூர் வண்டியில் அனுப்பிவிட்டார்கள். அவர் இல்லாத நேரத்தில் அக்காவின் புற்றுநோய் மாத்திரை தீர்ந்துபோனது. அக்கா அவரிடமும் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. அவர் திரும்பி வந்துதான் வாங்கினார். அந்த இடைவெளியில்தான் நோய் மறுபடி தலைதூக்கியது என்று நம்பினார். அப்படியெல்லாம் இல்லை என்று மருத்துவர் எடுத்துச் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

"அதுவரைக்கும் மருந்து நல்லாத்தான் கேட்டுச்சு. அவ கையே சரியாயிடுச்சே, நீயும்தான் பாத்தியே."

3

கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா தையற்காரி. சட்டைக்குக் காஜா எடுப்பதை, அதாவது பொத்தான் துளையின் விளிம்பை நூலால் கட்டுவதை, மெஷினுக்கு விடமாட்டாள். கையால்தான் செய்வாள். புற்றுநோய்க்குக் கொடுத்த மாத்திரை அவள் உள்ளங்கையின் தோலை உரித்துவிட்டது. விரல் நுனிகள் வெடித்தன. ஊசியைப் பிடித்தால் துணியில் ரத்தம் பட்டது. அப்புறம் மெல்ல ஆறத் தொடங்கியது. புதுத் தோல் வந்தது. மறுபடி தைக்க உட்கார்ந்தாள். பார்த்தவர்களிடமெல்லாம் அத்தான் சொன்னார், மருந்து உடம்புக்கு ஒத்துக்கொண்டுவிட்டது, வேலை செய்கிறது என்று.

அலமாரியின் மேல் தட்டில், மூலையில், ஒரு பழைய முகக்களிம்பு டப்பா இருந்தது. மூடி இறுகியிருந்தது. திருகித் திறந்தேன். உள்ளே களிம்பு இல்லை. மாத்திரைகள். மேல்பூச்சின் இளஞ்சிவப்பு கரைந்து வெளுத்து, எச்சிலில் இளகி, பிறகு காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. டப்பா நிறைய.

வாயில் போட்டுத் திரும்ப எடுத்த மாத்திரைகள்.

அக்காவின் கை எப்படி ஆறியது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

(துப்பியதை ஏன் சேர்த்து வைத்தாள், தண்ணீரில் விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் இந்த இடம் இடிக்கிறது. இவள் நான் படைத்த பாத்திரமாக இருந்தால் வேறு மாதிரி நடக்க வைத்திருப்பேன். ஆனால் என் அக்கா வெட்டுத்துணியைக்கூடக் குப்பையில் போட மனம் வராதவள். எனக்குத் தெரிந்த காரணம் அவ்வளவுதான். அவள் சாக விரும்பினாள் என்று எழுதமாட்டேன். தைக்க விரும்பினாள் என்று வேண்டுமானால்— அதுவும் என் ஊகம்தான்.)

4

இந்த இடத்தில் எனக்கு இரண்டு முடிவுகள் தெரிந்தன.

ஒன்று: "காய்ஞ்சுபோன க்ரீம்" என்று சொல்லி டப்பாவைக் குப்பைப் பையில் போடுகிறேன். அத்தான் தலையாட்டுகிறார். தான் தவறவிட்டதாக நினைக்கும் அந்த ஒரு வாரத்தைச் சாகும்வரை சுமக்கிறார்.

இன்னொன்று: உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய பாரம் இறங்குகிறது. வாய்விட்டு அழுகிறார். பிறகு நிம்மதியாகத் தூங்குகிறார்.

இரண்டாவதை நம்பினேன். சொன்னேன்.

5

"அத்தான், அந்த ஒரு வாரத்தால ஒண்ணும் ஆகல. அதுக்கு ரொம்ப முன்னாடியே அக்கா மாத்திரைய நிறுத்திட்டா." டப்பாவை நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். கட்டியை விரலால் தொட்டார்.

"இது நான் கொடுத்ததுல்ல?"

"ஆமா அத்தான்."

"அப்போ அவ கை ஆறினது..."

அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிர்பார்த்திருந்த நிம்மதியை அவர் முகத்தில் தேடினேன். வரவில்லை.

"தினமும் டூட்டிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி நான்தான் மாத்திரைய அவ கையில வெப்பேன். முழுங்கினியான்னு கேப்பேன். ஆ காட்டுன்னு சொல்வேன், சின்னப் பிள்ளைகிட்ட சொல்ற மாதிரி. அவளும் சிரிச்சுக்கிட்டே வாயைத் தொறந்து காட்டுவா." நிறுத்தினார். "ஒருநாள்கூட நாக்கைத் தூக்குன்னு நான் சொல்லலயேம்மா."

ஒரு வாரத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டு, அத்தனை காலைகளையும் அவர் மடியில் வைத்துவிட்டேன்.

பிறகு நிமிர்ந்து என்னைக் கேட்டார்: "சொல்லியிருந்தா தூக்கியிருப்பாளா?"

இதற்கு நான் சொல்லும் பதில்தான் கதையின் கடைசி வரியாக இருக்க வேண்டும். எழுதிப் பார்த்தேன்.

தூக்கியிருக்கமாட்டா அத்தான், அவ பிடிவாதம் உங்களுக்குத்—

(இப்படிச் சொன்னால், வாயைத் திறந்து காட்டிய அவளுடைய அந்தச் சிரிப்பெல்லாம் பொய் என்றாகிவிடும்.)

தூக்கியிருப்பா. உங்களுக்காக—

(இப்படிச் சொன்னால், அவளை அவர் காப்பாற்றியிருக்கலாம் என்றாகிவிடும்.)

உண்மையில் அன்று நான் பதிலே சொல்லவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த தட்டை மறுபடி கழுவினேன். அலமாரி இப்போது காலியாக இருக்கிறது. டப்பாவை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை. கேட்க எனக்கும் துணிவில்லை.

அந்த வரி எனக்கு வரவில்லை. யாருக்காவது கையில் மாத்திரை வைத்துக் கொடுத்து, முழுங்கியாகிவிட்டதா என்று நின்று பார்த்தவர் உங்களில் இருந்தால், நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். அவர் இதோ, வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.