மலையேறிய காடு

ஒக்கேரா ஊரின் காப்பிக்காடு முதல் வருஷம் பதினோரு அடி மலையேறியது. மழைக்காலம் முடிந்து வரும் மெஸ்கல் பண்டிகை கழிந்து பழம் பறிக்கப் போனவர்கள், கீழ்வரிசை மரங்கள் நின்ற இடத்தில் பதினோரு அடி அகலத்துக்கு வெறும் செம்மண் கிடப்பதைக் கண்டார்கள். மேலே மாடு மேய்ந்த புல்தரையில் காப்பிச்செடிகள் தங்கள் நிழல்மரங்களோடு குடியேறியிருந்தன. குழி இல்லை, வேர் அறுந்த தடம் இல்லை. வெயில் கூடிப்போச்சு, குளிர்ச்சி தேடிப் போகுதுக என்று சொல்லிக்கொண்டு, பறிக்க வேண்டியதைப் பறித்து வீடு திரும்பினார்கள். மறுவருஷம் முப்பது அடி. அதற்கடுத்த வருஷம் அளக்கக் கொண்டுபோன கயிறு போதவில்லை.

அந்தக் காட்டை யாரும் நடவில்லை. காப்பி அங்கே தானாக முளைத்து, தானாகக் காய்த்து, குரங்கு தின்றது போக மிச்சம் மனிதருக்கு என்று இருந்தது. ஊரில் நூற்று நாற்பது குடும்பங்கள் சேர்ந்து சங்கம் வைத்து, கோடாரி கூடாது, மாடு கூடாது, வாரம் ஒரு வீடு காவல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எல்லை மரங்களுக்குச் சிவப்புச் சாயமும் பூசியிருந்தார்கள். சாயம் பூசிய மரங்களும் கூட நடந்துபோனதுதான் வம்பாயிற்று. போங்கா பட்டணத்திலிருந்து வரைபடத்தோடு வந்த அதிகாரி, காவல்முறையில் இருந்த அஸ்காலேயிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, எல்லை மரத்தையெல்லாம் எங்க கொண்டுபோய் வச்சிருக்கீங்க?"

"நாங்க எங்கய்யா வச்சோம், அதுவா போகுது. நம்பலைன்னா அதையே கேட்டுப் பாருங்க."

அவர் கேட்கவில்லை. எல்லை நகர்த்தப்பட்டுள்ளது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அஸ்காலே இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவள். அவள் புருஷன் கல்லித்தோ ஒரு பெரிய மரத்தின் உச்சியில் தேன்கூண்டு கட்டிவிட்டு இறங்கும்போது தவறி விழுந்து செத்தான். கூண்டு என்றால் மூங்கில் பத்தையைச் சுருட்டி, வாழை மாதிரி இருக்கும், கொச்சோ மாவு எடுக்கிற மரத்தின் மட்டையைச் சுற்றிக் கட்டும் நீளக் கூண்டு. அந்த மரமும் அதன் காலடியில் நின்ற நாற்பது காப்பிச்செடிகளும்தான் அவளுக்கு வயிற்றுப்பாடு. காப்பி வறுத்து இறக்கினால் முதல் குவளையை மரத்தடியில் ஊற்றிவிட்டுத்தான் குடிப்பாள். ஊர் வழக்கமும் அதுதான்.

ஐந்தாம் வருஷம் காடு மலையின் தோளைத் தொட்டபோது எல்லோரும் உச்சியை ஏறிட்டுப் பார்த்தார்கள். உச்சியில் ஒரு பாறை, அதற்கு மேல் வானம், வேறொன்றும் கிடையாது. காடு விட்டுப்போன சரிவில் ஓடைகள் வற்றிவிட்டன. கொல்லையில் நட்ட காப்பி கருகிற்று. வாலிபர்கள் அடிஸ் அபாபாவுக்கு மூட்டை தூக்கப் போனார்கள். அப்போதுதான் கல்லித்தோவின் தம்பி ஷாவோ, அவன்தான் சங்கத் தலைவன், ஒன்றைக் கவனித்தான். காடெல்லாம் போயும் அண்ணனுடைய மரம் மட்டும் இம்மி நகராமல், தன் நாற்பது செடிகளோடு அடிவாரத்தில் ஒற்றையாக நின்றது.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். ஒருவன் தேன்கூண்டு கட்டிய மரம் அவனுடையது. அவனோ அவன் ரத்தமோ வந்து அவிழ்க்கும் வரை ராஜாவே ஆனாலும் தொடமுடியாது. மனிதர் மதிக்கிற வழக்கத்தை மரமும் மதித்தது. உடனே ஊர் மொத்தமும் மூங்கில் வெட்டியது. ஒரு மாதத்தில் நாலாயிரம் கூண்டுகள் கட்டினார்கள். காடு சொன்ன பேச்சுக் கேட்டு நின்றது. அன்று ஆட்டை அறுத்துச் சாப்பிட்டுக் கொண்டாடினார்கள், பாவம்.

கோடை வந்ததும் கட்டிய மரங்கள் நின்ற இடத்திலேயே காயத் தொடங்கின. இலை உதிர்ந்தது, பட்டை வெடித்தது. காப்பிப் பழம் பழுக்கும் முன்பே கறுத்துச் சுருங்கியது. தேனீக்கள் ஒரே நாளில் கூண்டுகளைக் காலி செய்துகொண்டு போயின. பெண்கள் நாலு மைல் தூரத்து ஊற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். அஸ்காலே தன் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்க எடுத்த தண்ணீரையும் வேரில் ஊற்றிவிட்டு, அடுப்பைப் பார்த்து அழுதாள். சிலர் ஒளிந்துபோய்த் தங்கள் கூண்டை அவிழ்த்தார்கள். அவிழ்த்த மரம் அன்றைக்கே மேலே போய்ப் பச்சையடித்தது. அதைப் பார்த்த பிறகு யாரும் ஒளியவில்லை. பட்டப்பகலில் அவிழ்த்தார்கள். கடைசியில் கல்லித்தோவின் மரம் மறுபடியும் ஒற்றையாயிற்று. அதன் உச்சியில் ஏழு இலைகள் மிச்சம் இருந்தன.

அஸ்காலே கொழுந்தன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"தம்பி, வந்து அவுத்து விடுங்க. பிள்ளைகளுக்கு மரமேறுற வயசில்ல, உங்க கையாலதான் ஆகணும்."

"அது மட்டும் ஆகாது மதினி."

"செடி சாகுதுய்யா. நாளைக்கு என் பிள்ளைக எதத் திங்கும்?"

"அவன் கடைசியாக் கட்டினது அது. அதுவும் போயிருச்சுன்னா எங்கண்ணன் இருந்ததுக்கு என்ன சாட்சி?"

"ரெண்டு பொண்ணுக அவன் மூக்கோட திரியுதுகளே, கண்ணு தெரியலையா? சரி, நீங்க வர வேண்டாம். நானே ஏறிக்கிறேன்."

"பொம்பள மரமேறினா ஈ ஊரை விட்டுப் போயிரும்!"

"ஈ போயி ஆறு மாசமாச்சு. நீங்க இன்னும் சட்டம் பேசிட்டு இருங்க."

உச்சிவெயிலில் அவள் ஏறினாள். ஊர் கீழே நின்று பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து ஷாவோவும் கயிற்றோடு வந்து, அதை மேலே வீசினான். அவள் இடுப்பில் கட்டிக்கொண்டாள். ஆனால் கூண்டின் முடிச்சு அவளுக்கு அவிழவில்லை. பல்லால் இழுத்தாள், கத்தியால் அறுத்தாள். கத்திதான் மழுங்கியது. அவள் கல்லித்தோவின் மனைவியே தவிர, அவன் ரத்தம் இல்லையே. அவன் விழுந்த இடத்தை அன்றுதான் அவன் நின்ற உயரத்திலிருந்து முதன்முதலாகப் பார்த்தாள். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"யோவ் கல்லித்தோ! நீ பாட்டுக்குப் போய்ட்டே, இதையும் கட்டிப் போட்டுட்டுப் போனியே! இத்தன வருஷமா உன்னையும் விடாம, இதையும் விடாம நான் படுற பாடு தெரியுமாய்யா உனக்கு? நான் உன்னை விட்டுட்டேன். இந்தா, கேட்டுக்க, விட்டுட்டேன். நீயும் விடுய்யா!"

முடிச்சு அவிழ்ந்தது. கூண்டு கீழே விழுந்து உருண்டது. அவள் இறங்குவதற்குள் மரம் புறப்பட்டுவிட்டது, நாற்பது செடிகளும் பின்னால். நடையில் குலுக்கல் இல்லை. அஸ்காலே கிளையைக் கட்டிப்பிடித்தபடி தன் வீட்டுக் கூரையையும், வற்றிய ஓடைகளையும், கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்த ஷாவோவையும் பார்த்தாள். உச்சிப் பாறையில் மற்ற மரங்கள் நெருக்கியடித்து நின்றன. காத்திருந்த மாதிரிதான் இருந்தது. அவள் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பாறைமேல் குதித்தாள். அதன்பிறகு காடு தரையை விட்டது.

இப்போது அது பாறைக்கு மேலே மூன்று ஆள் உயரத்தில், வேர்கள் தொங்க நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு சாண் ஏறுகிறது. வேர்நுனிகளிலிருந்து நாளெல்லாம் தண்ணீர் சொட்டுவதால் இரண்டு ஓடைகள் மெலிசாக ஓடுகின்றன. பழக்காலத்தில் கீழே துணி விரித்து, விழுவதைப் பொறுக்குகிறார்கள். பழைய விளைச்சலில் நாலில் ஒரு பங்கு தேறும். சங்கம் கலையவில்லை. கோடாரிக்கு எட்டாத காட்டுக்கு எதற்குக் காவல் என்று யாரும் கேட்கவும் இல்லை. மத்தியானம் நிழல் எங்கே விழுகிறதோ அதுவே எல்லை. அதைச் சுற்றி வாரம் ஒரு வீடு நடக்கிறது. போங்கா அதிகாரி மறுபடி வந்து, அண்ணாந்து பார்த்து, நிழலை அளந்து, பரப்பளவு சரியாக உள்ளது என்று எழுதிக்கொண்டு போனார்.

அஸ்காலேயின் முறை வரும்போது, கல்லித்தோவின் மரத்து நிழல் விழும் பாறையில் அவள் காப்பி வறுப்பாள். முதல் குவளையை ஊற்ற அங்கே மரத்தடி இல்லை. அதனால் அண்ணாந்து மேலே வீசுகிறாள். அது திரும்பி விழுவதில்லை. அவள் இரண்டாவது குவளையை ஷாவோவுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாவதைக் குடிக்கிறாள்.