கடற்புறாக்களைக் கண்டு திரும்பிய ட்ரோன்

மூன்றாவது முறையாக ட்ரோன் பாதிவழியில் திரும்பியபோது குன்வோர் தலையில் கைவைத்துக்கொண்டாள். போடோ நகரத்து அறையில் உட்கார்ந்தபடி, கண்ணுக்கெட்டாத தீவிலிருந்து ரத்த மாதிரிகளைக் கொண்டுவரும் ட்ரோனைக் கவனிப்பது அவள் வேலை. எதிரே எது பறந்தாலும் ட்ரோன் தானாகவே விலகிவிடும். இன்று கடற்புறாக்களிடமிருந்து விலகி விலகியே பேட்டரியைத் தீர்த்துக்கொண்டு தீவுக்குத் திரும்பியது.

தீவுச் செவிலி சின்னோவ போனில் கத்தினாள். "என்னடி இது! நான் நீந்தியே கொண்டாந்திருப்பேன்!"

குன்வோர் பொறியாளன் ஐவிந்திடம் திரும்பினாள். "பறவைய மட்டும் கண்டுக்காதேன்னு அதுக்குச் சொல்ல முடியாதா?"

"சொல்லலாம். ஹெலிகாப்டரையும் பறவைன்னு நெனச்சுட்டா?"

குன்வோர் எரிச்சலோடு, ட்ரோன் எடுத்த காட்சியைத் திரையில் உற்றுப் பார்த்தாள். பறவைகள் எல்லாம் ஒரு மீன்பிடிப் படகையே சுற்றிக்கொண்டிருந்தன. வயர்லெஸ்ஸில் படகுக்காரரைக் கூப்பிட்டாள்.

"ஒட்முண்ட் அண்ணே, மீன் குடலைக் கடல்ல கொட்டுறத கொஞ்சம் நிறுத்துங்களேன். பறவைங்களால என் ட்ரோன் வரமாட்டேங்குது."

"அவ்ளோ மூளை வச்ச மெஷினு, புறாவுக்குப் பயப்படுதா?" அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மானத்த வாங்காதீங்க. நிறுத்துவீங்களா, மாட்டீங்களா?"

முணுமுணுத்தபடியே அவர் மீன் வெட்டும் கத்தியைக் கீழே வைத்தார். பறவைகள் மெல்லக் கலைந்தன. புது பேட்டரியோடு கிளம்பிய ட்ரோன் இம்முறை நேராக வந்து இறங்கியது.

"நாளைக்கும் அவர்கிட்ட கெஞ்சணுமா?" என்றாள், போனில் நடந்ததைக் கேட்ட சின்னோவ.

"வழியவே மாத்திடறேன். அந்த மனுஷன் சிரிப்ப இன்னொரு தடவ என்னால கேக்க முடியாது."